ஷெட்டுத் தரையில் காயாத இடம்

புதிதாகப் போட்ட தரை முழுக்கக் காய்ந்து வெளுத்துவிட்டது, ஓர் இடம் மட்டும் காயவில்லை. ஈரச் சாக்குகளை அள்ளி வெளியே போட்டு, கார் ஷெட்டின் கதவை விரியத் திறந்துவைத்து, செப்டம்பர் வெயிலும் மலைக்காற்றும் தாராளமாக உள்ளே வந்து போன பிறகும், பின்சுவரை ஒட்டிக் கருத்த பட்டை ஒன்று அப்படியே கிடந்தது. ராங்கெல் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சில்லிட்டது. கையை முகர்ந்தால் சிமெண்ட் வாசனையோடு சுட்ட குடைமிளகாய் வாசனையும் லேசாக வந்தது. குளிர்காலத்துக்காக ஊரே மிளகாய் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்த சமயம் அது. எங்கே மூக்கை வைத்தாலும் அந்த வாசனைதான் வரும் என்று எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"எருமை," என்றான் தனக்குள். "தண்ணியை அளக்காம ஊத்தியிருக்கான்."

எருமை என்றது மிஞ்சோவை. மிஞ்சோ அவன் மனைவி தோன்காவின் தம்பி, கொத்தனார். ராங்கெலுக்கு அவன் மேல் தனிப்பட்ட பகை ஒன்றும் கிடையாது. ஊரில் எல்லோர் மேலும் இருந்த இளக்காரத்தில் அவனுக்கும் ஒரு பங்கு, அவ்வளவுதான். பல வருஷம் ஜெர்மனியில் லாரி ஓட்டிவிட்டு பல்கேரியாவின் இந்த மலையடி ஊருக்குத் திரும்பியவனுக்கு, இங்கே எவனுக்கும் எதுவும் உருப்படியாகச் செய்யத் தெரியாது என்பது சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதைப்போல அத்தனை தெளிவாகத் தெரிந்திருந்தது.

ஷெட்டுத் தரையையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு லாலியோ குளியலறை டைல்ஸைக் கொண்டுவந்து ஒட்டினான். முதல் குளிர்காலத்தில் ஜாக்கி வைத்ததும் அப்பளமாக நொறுங்கிற்று. தபால்காரன் பலகை அடித்தான். எண்ணெய் குடித்துக் கருத்துப்போய் இப்போது அதன் கீழே எலிகள் குடித்தனம் நடத்துகின்றன. ரோடு போட்டவர்கள் மிச்சம் விட்ட தாரை ராவோடு ராவாக அள்ளிவந்த ஒரு மேதாவியின் ஷெட்டில் கோடைக்குக் கோடை டயர் புதைகிறது. பளபளவென்று எபாக்ஸிப் பிசின் பூசியவனுடையதோ, சூடான டயர் பட்ட இடமெல்லாம் பாலாடைபோல உரிந்து வருகிறது. ராங்கெல் இவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்து, ஒரு வார்த்தை சொல்லாமல் உதட்டைப் பிதுக்கிவிட்டு வந்தவன். அவன் தரை அப்படி இருக்காது. சரளை கொட்டி இறுக்கி, மேலே பாலித்தீன் தாள் விரித்து, கம்பிவலை கட்டி, தண்ணீர் வடிய வாசலைப் பார்த்து வாட்டம் கொடுத்து, ஒரு சாண் கனத்துக்குக் கான்கிரீட். அது இறுகும் பக்குவத்தில் கெட்டிப்படுத்தும் பொடியைத் தூவி, கண்ணாடி மாதிரி ஆகிறவரை கொத்துக்கரண்டியால் தேய்க்க வேண்டும். லாரியே ஏறினாலும் கீறல் விழாது.

கான்கிரீட் போட்ட அன்றைக்குச் சாயங்காலம்தான் மிஞ்சோ முரண்டு பிடித்தான்.

"அத்தான், ஒரு சேவலாவது அறுத்துடலாம். ரத்தம் காட்டாம நான் அஸ்திவாரத்துல கலவை கொட்டினதில்ல."

"ஜெர்மனியில எத்தனை சேவலை அறுத்துடா அந்த ரோடெல்லாம் போட்டானுங்க?"

"அது அவங்க பாடு. நமக்கு எதுக்கு அத்தான் வம்பு?"

வேலிக்கு அந்தப் பக்கம், திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று லாலியோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன ராங்கெல், இவ்ளோ கனமா போடறே? ஏரோப்ளேன் எறக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்துக்கொண்டான்.

ராங்கெலுக்குச் சுள்ளென்று ஏறியது. தாள் விரித்த சரளைக்கு மேலே ஒரு நிழல் நீளமாக விழுந்து கிடப்பது கண்ணில் பட்டது. லாலியோவை மிஞ்சோ முன்னால் கேலிப்பொருளாக்க அதைவிடச் சுலபமான வழி அந்த நிமிஷத்தில் அவனுக்குத் தோன்றவில்லை. மிஞ்சோவின் மட்டநூலைப் பிடுங்கினான். மண்டியிட்டு, நிழலின் தலையிலிருந்து கால்வரை நூலைப் பிடித்து அளந்து, பட்டென்று வெட்டி, கம்பிவலைக்கு அடியில் சுருட்டிப் போட்டான்.

"இந்தா. சேவலைவிட ஒசத்தியா வெச்சிருக்கேன். லாலியோ காவல் இருப்பான். அவன் வாயாவது மூடும்."

பல்கேரியாவில் இது தெரியாத ஆள் இல்லை. அந்தக் காலத்துக் கொத்தர்கள் பாலம் நிற்க வேண்டும், ஆலை நிற்க வேண்டும் என்றால், வழியில் போகிற எவனுடைய நிழலையாவது அவனுக்குத் தெரியாமல் நூலால் அளந்து அஸ்திவாரத்தில் வைத்துக் கட்டிவிடுவார்கள். கட்டடம் நிற்கும். நிழலைக் கொடுத்தவன் வாடி வதங்கிப் போய்ச்சேர்வான். போன பிறகும் அந்தக் கட்டடத்தை விட்டு நகரமாட்டான். வெயில் சாயும் நேரத்தில் கட்டட வேலை நடக்கிற இடத்தில் நிற்காதே என்று இன்றைக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு அதட்டுவார்கள். நம்புகிறவர்களும் உண்டு, சிரிக்கிறவர்களும் உண்டு. ஆனால் நிஜமாகவே நூலை எடுத்து அளக்கிற அளவுக்கு யாரும் சிரித்ததில்லை.

மிஞ்சோவின் முகம் செத்துப்போயிற்று. "என்ன அத்தான் பண்ணிட்டீங்க," என்று மெதுவாகக் கேட்டான்.

"ஊத்துடா."

ஊற்றினான். வேலை முடிந்ததும், ராக்கியா சாராயக் கோப்பையை ஒருநாளும் மிச்சம் வைக்காத மிஞ்சோ, அதைத் தொடாமலே கலவை மிக்ஸரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ப்ளோவ்திவ் நகரத்துக்குப் போய்விட்டான். தோன்கா கொண்டுவந்த காப்பியும் தட்டோடு சமையலறைப் படியில் ஆறிக் கிடந்தது. அவள் எப்போது வந்தாள், எப்போது போனாள் என்று ராங்கெல் கவனிக்கவில்லை. அவன் அவளைக் கவனிப்பதை விட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. உப்பைக் கூடப் போடுவாள், கதவைச் சாத்த மறப்பாள், நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச வராது. கவனிக்க என்ன இருக்கிறது?

அன்றைக்கு ராத்திரி பொடி தூவி, கரண்டி பிடித்துத் தேய்த்ததெல்லாம் அவன்தான். இப்போது இந்தப் பட்டை. சுத்தியலின் பின்பக்கத்தால் அதன் மேல் தட்டிப் பார்த்தான். மற்ற இடமெல்லாம் கிண்ணென்று கேட்டது. அங்கே மட்டும் தொம், தொம் என்று, உள்ளே காலியான பெட்டியைத் தட்டுவதுபோலக் கேட்டது. காற்று அடைபட்டிருக்கிறது. மிஞ்சோ சரியாகக் குத்தி இறக்கவில்லை. மிஞ்சோவையும் அவன் பரம்பரையையும் திட்டிக்கொண்டே உள்ளே போனபோது, தோன்கா தலைத்துணியும் ஏப்ரனுமாக, தோலுரித்த மிளகாயைக் கையில் பிடித்தபடி, இன்னொரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"யாரோ இங்க தட்டற மாதிரி இருந்துச்சு," என்றாள்.

"புகையைக் குடிச்சா அப்படித்தான் இருக்கும். ஜன்னலைத் தெறந்து வெச்சுக்க."

மறுநாள் சூடான காற்றை ஊதுகிற எந்திரத்தைக் கொண்டுவந்து பட்டையின் மேல் திருப்பிவைத்தான். மத்தியானம் முழுக்க அது உறுமிக்கொண்டே இருந்தது. தரையிலிருந்து ஆவி எழும்பி, சுவரில் வியர்த்து, ஷெட் முழுக்கத் துணி வெளுக்கிற இடத்தின் புழுக்கம் நிறைந்தது. பட்டை காயவில்லை. ஓரங்கள் மட்டும் திட்டமாகத் தெரிய ஆரம்பித்தன. இங்கே ஒரு சரிவு, தோள்மாதிரி. மேலே ஓர் உருண்டை, அதற்குப் பின்னால் தலைத்துணி முடிச்சுமாதிரி ஒரு புடைப்பு. ராங்கெல் வெகுநேரம் பார்க்கவில்லை. பழைய கம்பளத்தை எடுத்து அதன் மேல் போட்டான். வீட்டுக்குள் தோன்கா படுத்திருந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் அடுப்பாகக் கொதித்தது. அவளுக்குக் காய்ச்சல் என்பதில் அவனுக்குச் சின்ன நிம்மதிகூட வந்தது. காய்ச்சலுக்குப் பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது.

காய்ச்சல் இறங்கியது. வேறொன்று வந்தது. வீட்டு மரப்படிகளில் அவள் ஏறும் சத்தம் மாறிப்போயிற்று. பூனைமாதிரி நடப்பவள், இப்போது ஒவ்வொரு படியிலும் பலகை அழுது முனக, நின்று நின்று ஏறினாள். ராத்திரி அவள் படுக்கும்போது கட்டில் அவள் பக்கமாகச் சாய்ந்தது. அவன் உருண்டு அவள் மேல் மோதாமலிருக்கச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு படுத்தான். ஆளோ இளைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிடுவதில்லை. தண்ணீர் மட்டும் செம்பு செம்பாகக் குடித்தாள். குதிகால் சாம்பல் நிறமாகி வெடித்திருந்தது. தலைமுடியில் ஈர சிமெண்ட் வாசனை.

ராங்கெலுக்குப் பயம் வந்துவிட்டது. அதை அவன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் தினமும் ஏதோ ஒரு சாக்கு வைத்துக்கொண்டு வேலியோரம் போய் லாலியோவைப் பார்த்தான். வாடியிருக்கிறானா, கன்னம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தான். அந்தச் சனியன் முன்னைவிடப் பூசினாற்போல இருந்தது. ரொட்டியும் வெண்ணெய்க்கட்டியும் மென்றபடியே வேலிக்கு வந்தது.

"என்ன ராங்கெல், பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி தெனம் என் மூஞ்சியையே பாக்கறே?"

"ஒண்ணுமில்ல."

சாயங்கால வெயில். லாலியோவின் வீடு கிழக்கே. மேற்கிலிருந்து வந்த வெளிச்சம் அவன் முகத்தில் அடிக்க, அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். அவன் நிழல் அவனுக்குப் பின்னால், அவனுடைய முட்டைக்கோஸ் பாத்திகளின் மேல், அவன் வீட்டைப் பார்த்து நீண்டு கிடந்தது.

ராங்கெல் அந்த நிழலைப் பார்த்தான்.

சாயங்காலத்தில் அது அந்தப் பக்கம்தான் விழும். என்றைக்கும் அந்தப் பக்கம்தான். அன்றைக்கும்.

அப்படியானால் சரளையின் மேல் விழுந்த நிழல் மேற்கே நின்ற ஆளுடையது. மெல்லத் திரும்பினான். மேற்கே அவன் வீடுதான் இருந்தது. சமையலறைப் படி இருந்தது. படியில் யாரும் இல்லை.

மிஞ்சோவுக்குப் போன் போட்டான். விஷயத்தைச் சொன்னான்.

"உடைங்க," என்றான் மிஞ்சோ. "இன்னிக்கே. அந்த நூலை வெளிய எடுங்க."

"நாளைக்குத் தரையைப் பாக்க ஊரைக் கூப்பிட்டிருக்கேன்டா. ஆட்டுக்கறிக்குச் சொல்லியாச்சு. இப்ப உடைச்சா இந்த முட்டாப் பயலுங்க முன்னால..."

"அவ என் அக்கா அத்தான். நான் வந்துசேர நாளைக்கு நடுராத்திரி ஆயிடும். நீங்க உடைங்க."

உடைக்கவில்லை. ஒரே ஒரு நாள். விருந்து முடியட்டும், இவர்கள் பார்த்து வயிறெரிந்துவிட்டுப் போகட்டும், பிறகு சத்தமில்லாமல் ஒரு மூலையை மட்டும் பெயர்த்து எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். லாலியோ சிரிக்கும் சிரிப்பைக் காதில் கேட்டுப் பார்த்தான். அதைத் தாங்க முடியாது என்று பட்டது. மாடியில் கட்டில் முனகும் சத்தம் கேட்டது. அதைத் தாங்க முடிந்தது.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் எல்லோரும் வந்தார்கள். கோப்பையும் கையுமாக ஷெட் வாசலில் நின்று தரையைப் பார்த்தார்கள். யாராலும் ஒரு குறை சொல்ல முடியவில்லை. தபால்காரன் குனிந்து பளபளப்பில் தன் முகத்தைப் பார்த்தான். "அந்தக் கம்பளம் எதுக்கு?" என்று மட்டும் லாலியோ கேட்டான். ராங்கெல் காரில் ஏறினான். வாட்டத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு அழகாக ஏறியது. பின்சுவரை நெருங்கும்போது முன்சக்கரம் கம்பளத்தின் மேல் ஏறி இறங்கியது.

சத்தம் ஷெட்டிலிருந்து வரவில்லை. மாடியிலிருந்து வந்தது. பச்சைக் கட்டையை மிதித்து ஒடிப்பதுபோல. ஒன்று. இன்னொன்று.

தோன்கா கட்டிலுக்குக் கீழே கிடந்தாள். கண் திறந்திருந்தது. மூச்சு வருவதற்கு இடமில்லாமல் வாயின் ஓரத்தில் சன்னமாக வந்து போனது. தூக்கிக் கட்டிலில் கிடத்தப் பார்த்தான். முடியவில்லை. நிறைய வருஷம் லாரியில் சரக்கு ஏற்றி இறக்கிய கை அது. அசைக்கக்கூட முடியவில்லை. போர்வையை எடுத்து அவள் மேல் போட்டுவிட்டு ஓடினான்.

"எல்லாரும் போங்க," என்று கத்தினான். சக்கரம் பட்டதும் அங்கேயே நிறுத்திய காரைத் தானே வெளியே தள்ளினான். சம்மட்டியை எடுத்தான்.

அவர்கள் போகவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றார்கள். முதல் அடி விழுந்ததும் லாலியோ சிரித்தான். "அடப் பாவி, இப்பதானே போட்டான்?" பிறகு யாரோ இன்னொருவனும் சிரித்தான். பொழுது இறங்க இறங்கச் சிரிப்பு ஓய்ந்து ஒவ்வொருவராகக் கலைந்துபோனார்கள். ஷெட்டில் ஒற்றை பல்பு எரிந்தது.

தரை உடையவில்லை. சம்மட்டி எகிறி எகிறித் திரும்பியது. எத்தனை கனம், எத்தனை இறுக்கம். ஊரில் எவனும் போடாத தரை. ராங்கெல் தன் வேலையைத் தானே சபித்தான். எவனாவது சோம்பேறி போட்டிருக்கக்கூடாதா என்று வாய்விட்டு அழுதான். அடித்தான். ஒவ்வோர் அடிக்கும் மாடியில் ஒரு முனகல் எழுந்தது. நிறுத்தினால் அதுவும் நின்றது. அடிப்பதால் காப்பாற்றுகிறானா, கொல்கிறானா, அவனுக்குத் தெரியவில்லை. மறுபடி அடித்தான்.

கீறல் விழுந்தது.

முனகல் நின்றுபோனது.

கடப்பாரையை விட்டு நெம்பினான். ஒரு பெரிய துண்டு கம்பிவலையோடு கிளம்பி வந்தது. கீழே சரளை இல்லை. பாலித்தீன் இல்லை. குழி. வழவழவென்று, ஆள் படுக்கிற அளவுக்கு. பல்பை இழுத்துப் பிடித்தான். குழியின் சுவரில் துணியின் இழை பதிந்திருந்தது. ஏப்ரன் நாடாவின் முடிச்சு பதிந்திருந்தது. பித்தான்கள். வெடித்த குதிகாலின் ஒவ்வொரு வெடிப்பும். கையை விட்டுத் துழாவினான். நூல் இல்லை. தலைப்பக்கம் இல்லை. கால்பக்கம் இல்லை. எங்கும் இல்லை. பெயர்த்த சில்லுகளில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தான். அதன் உட்புறத்தில் உதடுகள் இருந்தன, மூடியபடி, ரேகை ரேகையாக.

படியில் காலடி.

தொம்.

நின்றது.

தொம்.

வாசலில் தோன்கா நின்றாள். இரவு உடுப்பின் மேல் ஏப்ரனோடு. தலையில் துணி கட்டியிருந்தாள். பல்பு அவள் மேல் நேராக அடித்தது. பின்னால் முற்றத்துக் கற்கள் நிழல் விழாமல் வெளிச்சமாகவே கிடந்தன.

"நூலைக் காணோம் தோன்கா," என்றான். "தேடிட்டிருக்கேன். நீ போய்ப் படு. கெடைச்சிடும்."

"அன்னிக்கு நான் காப்பித் தட்டோட நின்னுட்டிருந்தேன்," என்றாள். இத்தனை சேர்ந்தாற்போல அவள் பேசி அவன் கேட்டதில்லை. "தலையிலருந்து கால்வரைக்கும் நிதானமா அளந்தே. பாத்துட்டுதான் இருந்தேன்."

"லாலியோன்னு நெனச்சேன். சத்தியமா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"நான் நகரல. ஒரு வேலைக்காவது நான் ஒதவுவேன்னு உனக்குத் தோணிடுச்சுன்னு நெனச்சேன்."

அவனைத் தாண்டி நடந்தாள். தரை அதிர்ந்தது. செருப்பை ஓரமாக ஜோடியாகக் கழற்றி வைத்தாள். குழிக்குள் ஒரு காலை வைத்தாள், மறுகாலை வைத்தாள், உட்கார்ந்தாள், படுத்தாள். குதிகால் அதன் இடத்தில் போய் அமர்ந்தது. நாடா முடிச்சு முடிச்சில். எங்கும் ஒரு நூல் இடைவெளி இல்லை.

ராங்கெல் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். தோள் சில்லென்று, கெட்டியாக, வழவழப்பாக இருந்தது. அவன் தேய்த்த தேய்ப்பு அது. அவனுக்குத் தெரிந்தது.

"குளிருது ராங்கெல்," என்றாள்.

இரண்டு பக்கமும் கிடந்த உடைசல்களைக் கையால் அணைத்து, போர்வையை இழுப்பதுபோல் மேலே இழுத்துக்கொண்டாள். முழங்கால். வயிறு. மார்பு. துண்டோடு துண்டு சேர்ந்தது. சேர்ந்த இடத்தில் கீறல் இல்லை. பளபளப்பாக, வாட்டம் மாறாமல், கண்ணாடி மாதிரி.

கழுத்துவரை வந்தது. கண்வரை வந்தது.

கடைசியில் வாய்க்கு மேலே ஒரு துண்டுக்கு மட்டும் இடம் மிச்சம் இருந்தது. உதடு பதிந்த அந்தத் துண்டு ராங்கெலின் கையில் இருந்தது. தரையிலிருந்து அவள் கை மெல்ல வெளியே வந்து, உள்ளங்கையை விரித்து, அவனுக்கு நேராக நீண்டது.

அவன் கொடுக்கவில்லை. கை நீண்டபடியே இருந்தது.